டாலியின் சிறுநீர்ப்பைக் கட்டி: பெயர் தெரிந்துகொள்ள நாங்கள் போன வழி

நாயின் சிறுநீர்ப்பையில் கட்டி என்று ஸ்கேனில் தெரிந்தால் எல்லார் வாயிலும் முதலில் வருவது டிசிசி என்ற, பையின் உள்சவ்வில் வரும் புற்றுநோய்தான். அங்கே வரும் கட்டிகளில் பெரும்பாலானவை அதுவே என்பதால் அப்படி நினைப்பது நியாயம். எங்கள் டாலிக்கும் முதலில் அதைத்தான் சொன்னார்கள். அவளுக்கு இருந்தது வேறு. இதே மாதிரி ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு தூக்கமில்லாமல் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

டாலி 9 வயது லேப்ரடார். சிறுநீரில் ரத்தம், உட்கார்ந்து உட்கார்ந்து சொட்டுச் சொட்டாகப் போவாள். தொற்று என்று ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். மாத்திரை இருக்கும்வரை அடங்கும், நிறுத்தினால் மறுபடி ரத்தம். பெட்டை நாய்க்குத் தொற்று சகஜம்தான். ஆனால் கட்டி இருந்தாலும் தொற்று கூடவே வரும், மாத்திரைக்குக் கொஞ்சம் அடங்கவும் செய்யும். திரும்பத் திரும்ப வந்தால் ஸ்கேன் கேட்டு வாங்குங்கள். சென்னையில் யாரைக் கேட்டாலும் "வேப்பேரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்பார்கள், அங்கே இருக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியைத்தான் சொல்வார்கள். நாங்களும் கிளம்பினோம்.

ஸ்கேனுக்குப் போகும்போது சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும். காலியாக இருந்தால் அதன் சுவரே தடித்துத் தெரியும். ஸ்கேன் பார்த்த டாக்டரம்மா டாலியைப் புரட்டிப் படுக்கவைத்துப் பார்த்தார். உறைந்த ரத்தமாக இருந்தால் இடம் மாறும், இது அசையவில்லை. டாப்ளரில் உள்ளே ரத்த ஓட்டமும் தெரிந்தது. "டிசிசி பெரும்பாலும் பையோட கழுத்துப் பக்கம்தான் வரும்மா. இது உச்சியில, சுவருக்குள்ள இருக்கு, மேல வழவழன்னு இருக்கு. இப்பவே முடிவு கட்டிடாதீங்க" என்றார். அந்த வார்த்தைதான் எங்களை அடுத்த கட்டத்துக்குத் தள்ளியது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். கட்டி இருக்குமோ என்ற சந்தேகம் வந்துவிட்டால் வயிற்றில் ஊசி குத்திச் சிறுநீர் எடுக்க விடாதீர்கள். டிசிசியாக இருந்தால் ஊசி போன தடத்திலேயே புற்று அணுக்கள் ஒட்டி வளரக்கூடும். காலை நடையில் பின்னாலேயே போய், சுத்தமான கரண்டியில் நடுச் சிறுநீரைப் பிடித்துக் கொடுத்தோம். அதில் புற்று அணுக்கள் இல்லை. நிம்மதியடைய முடியவில்லை, ஏனென்றால் சவ்வுக்கு அடியில் இருக்கும் கட்டி சிறுநீரில் அணுக்களை உதிர்க்காது.

பிராஃப் என்ற மரபணுப் பரிசோதனை பற்றியும் கேட்டோம். டிசிசி உள்ள நாய்களில் சுமார் 85 சதவீதத்துக்கு அந்த மரபணு மாற்றம் சிறுநீரிலேயே தெரியும். பாசிட்டிவ் என்றால் விஷயம் முடிந்தது. நெகட்டிவ் என்றால் டிசிசி இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது, கட்டியின் பெயரும் தெரியாது. உள்ளே கேமரா விட்டுக் கிள்ளி எடுத்தாலும் உள்சவ்வு மட்டும் வர வாய்ப்பு அதிகம். அதனால் நெஞ்சு எக்ஸ்ரேயில் பரவல் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு, கட்டியை முழுசாக எடுத்துப் பார்ப்பது என்று முடிவானது. உச்சியில் இருந்ததால்தான் சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதையோடு வெட்டியெடுக்க முடிந்தது. கழுத்துப் பக்கமாக இருந்திருந்தால் அது நடக்காது. ஒருவேளை புற்றாக இருந்தால் அணுக்கள் வேறெங்கும் ஒட்டிவிடாமல் இருக்க, வயிற்றை மூடுமுன் கையுறையையும் கருவிகளையும் மாற்றிக்கொள்வோம் என்று சர்ஜன் முன்கூட்டியே சொன்னது எனக்குப் பெரிய தைரியம்.

முதல் ரிப்போர்ட்டில் கதிர் வடிவ அணுக்கள் (நடுவில் பருத்து இரு முனையும் கூராக இருப்பவை) என்று மட்டும் இருந்தது. அது லியோமயோமா என்ற சாதுவான தசைக்கட்டியாகவும் இருக்கலாம், அதே தசையில் வரும் புற்றான லியோமயோசர்கோமாவாகவும் இருக்கலாம். இளம் வயதுப் பெரிய ஜாதி நாய்களென்றால் ராப்டோமயோசர்கோமா என்ற இன்னொரு வகைத் தசைப் புற்றையும் யோசிப்பார்களாம். சிறப்புச் சாயப் பரிசோதனை கேட்டோம். தசை அணுக்களின் அடையாளமான ஆக்டினும் டெஸ்மினும் பாசிட்டிவ், சவ்வு அணுக்களின் அடையாளமான சைட்டோகெரட்டின் நெகட்டிவ்: உள்சவ்விலிருந்து வந்ததல்ல, தசையிலிருந்து வந்தது. பிளவுபடும் அணுக்கள் மிகக் குறைவு, வெட்டிய ஓரங்கள் சுத்தம். லியோமயோமா. அந்த வரியைப் படித்துவிட்டு டாலியைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

கீமோ தேவைப்படவில்லை. அவ்வப்போது ஸ்கேன் மட்டும் பார்க்கிறோம். எடுத்த சதையை லேபில் மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள். உங்கள் ரிப்போர்ட்டில் சந்தேகம் இருந்தால் அதையே இன்னொரு பெத்தாலஜிஸ்ட்டுக்கு (சதையைப் பார்த்து நோயைச் சொல்லும் டாக்டர்) அனுப்பச் சொல்லலாம், அதற்காக நாயை மறுபடி அறுக்க வேண்டியதில்லை.