மிஷ்லே கேள்விக்குத் தயாராகிறவர்களுக்கு: நூல்பட்டியலைவிட எழுதிய வரிசை முக்கியம்

வரலாறு எழுதப்பட்ட விதத்தைப் படிக்கும் வரலாற்று வரைவியல் தாளில், பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் ஜூல் மிஷ்லே சிறு குறிப்பாக வந்தால் பெரும்பாலோர் சமாளித்துவிடுவார்கள். பதினைந்து மதிப்பெண் கட்டுரையாக வரும்போதுதான் சிக்கல். பிறந்தது 1798, இறந்தது 1874, எழுதியவை இன்னின்ன என்று பட்டியல் நீளும். ‘பிரான்சின் வரலாறு’ 17 தொகுதி, ‘பிரெஞ்சுப் புரட்சியின் வரலாறு’ 7 தொகுதி. போதாததற்குப் பறவை, பூச்சி, கடல், மலை பற்றியும் நூல்கள். பெயர்களை அடுக்கினால் பக்கம் நிரம்பும், மதிப்பெண் நிரம்பாது.

முதலில் பெயர். ஆங்கில எழுத்தைப் பார்த்து ‘மிச்செலெட்’ என்று எழுதுகிறார்கள். பிரெஞ்சு ஒலி மிஷ்லே.

பிடித்துக்கொள்ள வேண்டியது அவர் எழுதிய வரிசை. ‘பிரான்சின் வரலாறு’ முதல் 6 தொகுதிகள் 1833 முதல் 1844 வரை வந்தன; பதினோராம் லூயியோடு இடைக்காலம் முடிகிறது. அடுத்து பதினாறாம் நூற்றாண்டுக்குப் போக வேண்டியவர், முந்நூறு ஆண்டுகளைத் தாண்டி 1789இல் தொடங்கிய பிரெஞ்சுப் புரட்சிக்குப் போய்விட்டார். 1847 முதல் 1853 வரை அந்த 7 தொகுதிகள். அதன்பிறகே விட்ட இடத்துக்குத் திரும்பி, 1855இல் ‘மறுமலர்ச்சி’ தொகுதியில் தொடங்கி 1867க்குள் மீதி 11 தொகுதிகளை முடித்தார்.

இந்தத் தாவல் ஏன்? 1838இல் பாரிஸின் உயர்கல்வி நிறுவனமான கொலேழ் து பிரான்சில் பேராசிரியர் ஆனார். 1843இல் நண்பர் எட்கார் கினேயோடு சேர்ந்து கத்தோலிக்கத் துறவு அமைப்பான இயேசு சபையினரை எதிர்த்துச் சொற்பொழிவாற்றினார். திருச்சபையோடு அவருக்கு இருந்த உறவு அந்த ஆண்டுகளில் முறிந்தது. ஆகவே முதல் 6 தொகுதிகளில் இடைக்காலத்தைப் பரிவோடு பார்த்தவர், 1855இல் அதே இடைக்காலத்தைச் சாடி நீண்ட முன்னுரை எழுதுகிறார். ‘மிஷ்லே தொடக்கம் முதலே திருச்சபை எதிர்ப்பாளர்’ என்ற வரி விடைத்தாளில் இருந்தால் முதல் பாதியைப் படிக்கவில்லை என்று பொருள். ஜோன் ஆஃப் ஆர்க் பகுதி 1841இல் வந்த 5ஆம் தொகுதியில் இருக்கிறது. தனி நூலானது 1853இல்.

குறிப்பு எடுக்கும்போது பக்கத்தில் மூன்று நெடுவரிசை போட்டுக்கொள்ளுங்கள்: அரசியல், பதவி, நூல். 1830 ஜூலைப் புரட்சி என்றால் எதிரே நாட்டின் ஆவணக் காப்பகத்தின் வரலாற்றுப் பிரிவுத் தலைமை. லூயி நெப்போலியன் ஆட்சி என்றால் எதிரே 1851இல் வகுப்பு நிறுத்தம், 1852இல் விசுவாச உறுதிமொழி எடுக்க மறுத்ததால் காப்பக வேலையும் பறிபோனது. பயங்கர ஆட்சி (1793–94இல் புரட்சி அரசு எதிரிகளைக் கொன்று குவித்த காலம்) பற்றிய தொகுதிகளை எழுதியது அதன்பின், நாந்த் நகரில். நெடுவரிசைகளைக் குறுக்கே படித்தாலே கட்டுரையின் எலும்புக்கூடு கிடைத்துவிடும்.

கருத்துப் பகுதியில் மூன்று இடங்களில் தவறு நடக்கிறது. 1827இல் மிஷ்லே மொழிபெயர்த்தது இத்தாலியத் தத்துவஞானி விக்கோவை. கினே மொழிபெயர்த்தது ஜெர்மானியத் தத்துவஞானி ஹெர்டரை. ஆண்டும் நட்பும் ஒன்றாக இருப்பதால் மாற்றி எழுதிவிடுகிறார்கள். மனிதகுலம் தன்னைத் தானே ஆக்கிக்கொள்கிறது என்ற எண்ணத்துக்கு மிஷ்லேயின் பற்றுக்கோடு விக்கோதான்.

அடுத்தது ‘உயிர்ப்பித்தல்’. சமகால வரலாற்றாசிரியர்களில் தியெரி வரலாற்றைக் கதைசொல்லல் என்றார், கிஸோ பகுப்பாய்வு என்றார், நான் உயிர்த்தெழச் செய்தல் என்றேன் என மிஷ்லே சொன்னது 1846இன் ‘மக்கள்’ நூலில். ‘பிரான்சின் வரலாறு’ நூலுக்கு எழுதிய 1869 முன்னுரையில் அதை விரித்து, மேற்பரப்பை மட்டுமல்ல, உள்ளுறுப்புகளோடு முழு வாழ்க்கையையும் உயிர்ப்பிப்பது என்கிறார். இரண்டையும் பிரித்துக் காட்டுங்கள்.

மூன்றாவது ‘மக்கள்’ என்ற சொல். இதை மார்க்சிய வர்க்கமாக்கிவிடாதீர்கள். வர்க்கங்கள் நாடு என்ற அன்பில் ஒன்றுசேர வேண்டும் என்பதே அவர் வாதம். அதனால்தான் அவருடைய புரட்சியின் உச்சம், பாஸ்டீல் சிறை வீழ்ந்த ஓராண்டு நிறைவில் மக்கள் ஒன்றுகூடிய 1790 ஜூலை 14 கூட்டமைப்பு விழா. ஆண்கள் பாஸ்டீலைப் பிடித்தார்கள், பெண்கள் அரசுரிமையையே பிடித்தார்கள் என்று 1789 அக்டோபரில் பாரிஸ் பெண்கள் வெர்சாய் அரண்மனைக்கு அணிவகுத்துப் போனது பற்றி அவர் எழுதியதும் இங்கே பொருந்தும். புரட்சித் தலைவர்களில் ரோபஸ்பியர் மீது அவருக்கு மனம் ஒட்டவில்லை. டான்டன் பக்கமே சாய்கிறார்.

ஒப்பீடு கேட்டால், புரட்சி பற்றி எழுதிய இன்னொரு பிரெஞ்சுக்காரர் தோக்வில்லை எடுங்கள். புரட்சிக்குக் காரணம் வறுமை என்கிறார் மிஷ்லே. வளம் கூடிவந்த காலத்தில்தான் புரட்சி வந்தது என்கிறார் தோக்வில், 1856இல். இதைவிடக் கூர்மையான எதிரெதிர் நிறுத்தம் கிடைக்காது. ஜெர்மானிய வரலாற்றாசிரியர் ராங்கேயோடு ஒப்பிடும்போது, இருவரும் காப்பகத்தில் உட்கார்ந்தவர்கள் என்பதோடு நிறுத்தாமல், மிஷ்லே அடிக்குறிப்பில் கஞ்சன் என்பதையும் சேருங்கள். குறை சொல்லும்போது ஒன்றை மறக்கக்கூடாது: அவர் பயன்படுத்திய பாரிஸ் நகராட்சிப் பதிவுகள் 1871 மே மாதம் நகரமன்றத்தோடு எரிந்துபோயின. ஆகவே சில இடங்களில் அவர் எழுத்தே இன்று சான்றாக நிற்கிறது.

‘மறுமலர்ச்சி’ என்ற சொல்லை அவர் கண்டுபிடித்ததாக எழுத வேண்டாம். ஒரு முழுக் காலகட்டத்தின் பெயராக அதை நிலைநிறுத்தியவர் என்றால் சரி. உலகையும் மனிதனையும் கண்டறிதல் என்ற தொடரை 1860இல் சுவிஸ் வரலாற்றாசிரியர் பர்க்ஹார்ட் எடுத்துக்கொண்டது அவரிடமிருந்துதான்; பலர் அதை பர்க்ஹார்ட் கணக்கில் மட்டும் எழுதுகிறார்கள்.

மூலத்தைத் தொட நினைப்பவர்கள் 1869 முன்னுரையில் தொடங்கலாம், பிறகு 2ஆம் தொகுதி முகப்பில் உள்ள ‘பிரான்சின் சித்திரம்’, அதன்பின் கூட்டமைப்பு விழா. புரட்சி வரலாற்றை ஆங்கிலத்தில் படிப்பவர்கள் கடைசிப் பக்கத்தை முதலில் பாருங்கள். பரவலாகக் கிடைக்கும் சார்ல்ஸ் காக்ஸ் மொழிபெயர்ப்பு 1791இல் அரசர் தப்பியோடியதோடு நின்றுவிடுகிறது. மூலம் 1794 ரோபஸ்பியர் வீழ்ச்சிவரை போகிறது. மொழிபெயர்ப்பை மட்டும் படித்துவிட்டு, பயங்கர ஆட்சி பற்றி மிஷ்லே பேசவே இல்லை என்று எழுதுவது இப்படித்தான் நேர்கிறது. அவர் இறந்தபின் வெளிவந்தவற்றில் மனைவி அதனாயிஸ் கைவைத்துத் திருத்தியவை உண்டு. அவற்றிலிருந்து மேற்கோள் எடுப்பதைத் தவிருங்கள்.