கவாத்து நாட்கள்

நவம்பர் 25

கார்த்திகை பிறந்தாயிற்று, மல்லிக்கு இன்னும் கவாத்து பண்ணவில்லை. நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டு மேலே இருப்பதையெல்லாம் வெட்டிவிட வேண்டும் என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. அம்மாவோ, "பொங்கல் முடியட்டும்டா" என்கிறாள்.

அவள் பேச்சிலும் நியாயம் உண்டு. குளிரில் பூ குறையக் குறைய மதுரை மாட்டுத்தாவணிப் பூச்சந்தையில் விலை ஏறும். பொங்கலை ஒட்டி மதுரை மல்லி கிலோ 2,000 ரூபாயைத் தாண்டிய வருஷங்கள் உண்டு. அதே பூவைச் சித்திரையில் மூட்டை மூட்டையாகக் கொண்டுபோனால் சீந்த ஆள் இருக்காது. பட்டுப்போன செடியை வெட்ட யாருக்கும் கை நடுங்காது. தினம் ஒரு பிடி மொட்டாவது கொடுத்துக்கொண்டிருக்கிற செடியிடம்தான் கத்தரி தயங்குகிறது.

நவம்பர் 28

ஆரம்பித்துவிட்டோம்.

பட்டையை நகத்தால் லேசாகக் கீறிப் பார்ப்பேன். பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது, பழுப்பு என்றால் அடியோடு எடுத்துவிடலாம். அப்புறம் உள்பக்கம் பார்த்து வளர்ந்தவை, ஒன்றோடொன்று உரசுகிறவை, நோஞ்சான் குச்சிகள். வெட்டு சாய்வாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் முனையில் தண்ணீர் நின்று அழுகும். மல்லியில் பூ வருவது புதுக் கொழுந்தில்தான். பழைய குச்சியை வளர விட்டால் செடி புதராகும், உள்ளே வெயிலும் காற்றும் போகாது, பூச்சிக்குத்தான் கொண்டாட்டம்.

பூ எடுக்க வரும் அக்கா, நான் வெட்டுவதற்கு முன்னால் ஓடி ஓடி மொட்டுகளைக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டார். "மொட்டோட வெட்டாதீங்க தம்பி, பாவம்." சரி என்று அவர் முடிக்கும்வரை நின்றேன். வேலை பாதிதான் நடந்தது.

நவம்பர் 30

முடிந்தது. தோட்டம் மொட்டை. அம்மா இந்தப் பக்கமே வரவில்லை.

டிசம்பர் 7

கவாத்துக்கு மசியாத விஷயம் ஒன்று இருக்கிறது: கிணற்றடி வரிசை. ராமேஸ்வரம் பக்கமுள்ள தங்கச்சிமடத்திலிருந்து நாற்று வரவழைத்து அம்மா தன் கையால் வைத்தது. மல்லி பத்துப் பதினைந்து வருஷம் நன்றாகப் பூக்கும், அப்புறம் இறங்குமுகம். இந்த வரிசைக்கு அந்த வயது எப்போதோ தாண்டிவிட்டது. ஒரு செடியின் அடியில் தோண்டிப் பார்த்தேன். வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக வீங்கியிருக்கிறது. மண்ணிலிருந்து வேரைத் தாக்கும் கண்ணுக்குத் தெரியாத நூற்புழுவின் வேலை.

எடுத்துவிடலாம் என்றேன்.

"அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே, உன்கிட்ட சோறா கேக்குது?"

"கேக்குதும்மா. செடிக்குப் பத்துக் கிலோ தொழுஉரம் கேக்குது."

சிரிப்பு வந்ததை மறைக்க முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சம்மதம் என்று இதற்கு அர்த்தமில்லை.

டிசம்பர் 20

பக்கத்துத் தோட்டத்துக்காரர் கவாத்து பண்ணவில்லை. இன்று கால் கிலோவுக்கு வாங்கிய காசைத் தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார். வயிறு எரியத்தான் செய்தது. என் செடிகளில் வெட்டிய இடத்துக்குக் கீழே கணுவுக்குக் கணு தளிர் தள்ளியிருக்கிறது. அதைச் சந்தையில் எடைபோட முடியாது.

ஜனவரி 13, போகி

காலையில் தெருவெல்லாம் புகை. யாரோ டயரையும் போட்டிருக்கிறார்கள், சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

அம்மா தானாகவே கிணற்றடிக்கு வந்தாள். கடைசிச் செடியைக் காட்டி, "இதை மட்டும் விட்டுடு, வீட்டுச் சாமிக்கு வேணும்" என்றாள். அதற்கும் நூற்புழு இருக்கும் என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. மற்றவற்றைக் கடப்பாரை போட்டு நெம்பி எடுத்தோம். வேரை மண்ணில் விடாமல் பொறுக்கி எரித்தாயிற்று.

அதே மண்ணில் உடனே மல்லி வைத்தால் புழு திரும்பவும் பிடித்துக்கொள்ளும். செண்டுமல்லி போட்டால் நூற்புழு குறையும். அதனால் முதலில் அது, மல்லி நாற்று ஆடி வாக்கில். செண்டுமல்லி விதையை அம்மாவே வாங்கி வருகிறாளாம். நான் போனால் கடைக்காரன் பழைய விதையைத் தலையில் கட்டிவிடுவானாம்.