அம்மாவோட பர்த் சர்டிபிகேட்டும் ஒண்ணேமுக்கா வருஷ அலைச்சலும்

ஒருவழியா முடிஞ்சுது. ஒரே ஒரு தாளுக்காக ஒண்ணேமுக்கா வருஷம் நாயா அலைஞ்சேன், எங்க மாதிரி இலங்கை அகதி முகாம்ல இருக்குற பசங்க யாருக்காவது உதவட்டும்னு எழுதுறேன், நடுவுல புலம்பல் ஜாஸ்தியா இருந்தா தாண்டிப் போயிடுங்க.

கடலூர் மாவட்டத்துல ஒரு முகாம்ல 1997ல பொறந்தவ நான். 2021ல மறுவாழ்வு முகாம்னு பேர் மாத்துனாங்க, ஆனா பஸ்ல இன்னும் 'அகதி கேம்ப்லாம் எறங்கு'தான். 1987 ஜூலை 1க்கு முன்னாடி இந்தியாவுல பொறந்திருந்தா பொறப்பாலயே குடியுரிமை கெடச்சிருக்கும், நான் பத்து வருஷம் லேட்டு. நர்சிங் முடிச்சு புதுச்சேரியில ஒரு ஆஸ்பத்திரியில வேலை பாக்குறேன், கூட இருந்த புள்ளைங்க ஒவ்வொண்ணா வெளிநாட்டுக்குக் கெளம்ப, எனக்கு பாஸ்போர்ட்டே இல்ல. சரி, அப்பா அம்மா வழியா இலங்கைக் குடியுரிமையாவது பதிவோம்னு எறங்குனேன். அப்பா பேப்பரெல்லாம் பக்காவா இருந்துச்சு. அம்மாவோடதுதான் இல்ல.

இல்லன்னா, இருந்துச்சு. 1990ல சண்டை திரும்ப ஆரம்பிச்சப்ப இலங்கையில மன்னார் பக்கத்துப் பேசாலையிலேருந்து ராத்திரி போட்டுல வந்தப்பவும் ஷாப்பிங் பேக்ல சுத்தி மடியிலயே வெச்சிருந்தாங்களாம். கடல்ல நனையாத அது 2011 டிசம்பர் 30 தானே புயல்ல போச்சு. கூரை ஷீட் பறந்து, டிரங்க் பெட்டிக்குள்ள தண்ணி நின்னு, மூணாம் நாள் தெறந்தா ஊறவெச்ச அப்பளம் மாதிரி ஒரு கட்டி. அதோட பதிவு நம்பரும் போச்சு. (இதப் படிக்கிறவங்க இப்பவே எழுந்து வீட்ல இருக்குற எல்லா பேப்பரையும் ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து ரெண்டு பேருக்கு வாட்ஸப் பண்ணி வைங்க, மீதிய அப்புறம் படிக்கலாம்.)

மன்னார்ல பெரியம்மா மகன் இருக்காரு. அண்ணா, பிரதேச செயலகத்துல (இங்க தாலுகா ஆபீஸ் மாதிரி) கேட்டுப் பாருங்கன்னேன். நம்பர் இல்லன்னா தேடுதலுக்கு எழுதிக் குடுக்கணும், பொறந்த தேதி, இடம், தாய் தகப்பன் பேர் வேணும்னாங்க. நான் அறிவாளி மாதிரி அம்மாவோட முகாம் கார்டப் பாத்து 01.01.1968னு அனுப்பிட்டேன். ரெண்டு மாசம் கழிச்சு பதிவு இல்லன்னு பதில். அண்ணா போன்ல, "தங்கச்சி, அந்தத் தேதி சரிதானோ எண்டு சின்னம்மாட்ட ஒருக்கா கேள்" அப்படின்னாரு.

கேட்டேன். அம்மா சர்வசாதாரணமா, "அது நான் சொன்ன தேதி இல்லையே பிள்ளை"ங்கிறாங்க. இங்க வந்து எறங்குனதும் மண்டபம் முகாம்ல பதிவுக்கு வரிசையில நிக்கும்போது வயசு என்னன்னு கேட்டிருக்காங்க, பக்கத்துல நின்ன யாரோ ஒரு மாமா குத்துமதிப்பா இருபத்திரெண்டுன்னு சொல்ல, எழுதுறவரு 90லேருந்து 22ஐக் கழிச்சு 68, தேதி தெரியலையா ஜனவரி ஒண்ணு. அந்தத் தேதிதான் ஆதார் வரைக்கும் வந்து உக்காந்திருக்கு. எங்க முகாம் வீட்டு வரிசையிலயே பாதிப் பேருக்கு ஜனவரி ஒண்ணாந் தேதிதான் பொறந்தநாள், சின்ன வயசுல அது ஏன்னு யோசிச்சதே இல்ல.

சரி, நெஜமா எப்பம்மா பொறந்தீங்க? "மடு திருவிழா முடிஞ்சு மூண்டாம் நாள்." மன்னார் பக்கம் மடு மாதா கோயில் திருவிழா ஆகஸ்ட் 15, அப்ப 18. வருஷம்? அது தெரியாதாம். அரைமணி நேரம் நச்சரிச்சப்புறம், "பெரும் புயல் அடிக்கேக்க நான் அம்மான்ர வயித்துக்குள்ள. புயலுக்குத் தப்பின பிள்ளை எண்டு அம்மா சொல்லுறவ" அப்படின்னாங்க. 1964 டிசம்பர்ல தனுஷ்கோடிய அழிச்ச அதே புயல்தான், மன்னார் பக்கமும் அடிச்சிருக்கு. அப்ப 1965! 18.08.1965னு திருப்பி அனுப்புனோம், கெடச்சிடுச்சு. நீங்க குடுக்குற வருஷத்தை ஒட்டித்தான் ரெஜிஸ்டர்ல தேடுவாங்க, அதனால கார்டுல இருக்குறத அப்படியே அனுப்பாதீங்க, வீட்டுப் பெரியவங்கள உக்கார வெச்சு திருவிழா, புயல், யார் கல்யாணம்னு கேட்டு வருஷத்தப் புடிங்க. எந்த வருஷத்துலயும் கெடைக்கலன்னா உத்தேச வயதுச் சான்றிதழ்னு ஒண்ணு இருக்கு, சர்ச்சுல ஞானஸ்நானப் பதிவு இருந்தா அதையும் எடுத்து வைங்க.

சர்டிபிகேட்டோட வாட்ஸப் போட்டோவ வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது, ஒரிஜினல் வேணும். காங்கேசன்துறையிலேருந்து நாகப்பட்டினம் கப்பல்ல வந்த ஒரு சொந்தக்காரர் கையில குடுத்துவிட்டாங்க. இது சுலபமா முடிஞ்சுது.

அடுத்ததுதான் வயித்தெரிச்சல். சர்டிபிகேட்ல 1965, கார்டுல 1968, ரெண்டும் ஒரே ஆள்தான்னு இங்க ஒரு ஆபீஸ்ல எழுதி வாங்கணும். அங்க இருந்த கிளார்க் தாள வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, "என்னாமா கையெழுத்தா இருக்கு, கம்ப்யூட்டர் பிரிண்ட் இல்லியா?" பழைய ரெஜிஸ்டர் காப்பி சார், சீல் இருக்கு பாருங்கன்னேன். "அப்பன் பேரு முன்னால முழுசா இருக்கு, கார்டுல புருஷன் இனிஷியல் இருக்கு, இது வேற யாரோ." அங்க அப்படித்தான் சார் எழுதுவாங்கன்னா, "அங்க எழுதுறதுலாம் எனக்குத் தெரியாது, கார்டுல இருக்குறதுதான் எங்களுக்கு தேதி." அதுக்கப்புறம் ரெண்டு தடவ போனேன், ஒரு தடவ ஜெராக்ஸ் ஒரு செட் கம்மி, இன்னொரு தடவ சார் லீவு. அந்த லீவு அன்னிக்குப் பாத்து முகாம்ல செக்கிங், நேர்ல நிக்கலன்னா அரசாங்கம் மாசாமாசம் குடுக்குற பணம் நின்னுடும்னு கடலூர் பஸ் ஸ்டாண்டுலேருந்து ஷேர் ஆட்டோவுல பறந்து வந்தேன். கடைசியில ஒரு வக்கீல் அக்காதான், எதுக்கும்மா அவன்கிட்ட தொங்குற, நோட்டரி கிட்ட அஃபிடவிட் போடுன்னு சொன்னாங்க. ஒரே மத்தியானத்துல முடிஞ்சுது! மொதல்லயே வக்கீல்கிட்ட போயிருந்தா மூணு நாள் சம்பளம் மிச்சம்.

சென்னையில இலங்கைத் துணைத் தூதரகத்துல போன வாரம் எல்லாத்தையும் குடுத்தாச்சு, வாங்கிக்கிட்டாங்க, இனிமே காத்திருக்கணும். போறதுக்கு முன்னாடி போன் பண்ணி என்னென்ன வேணும்னு கேட்டு எழுதிக்குங்க, ஆளுக்கு ஆள் மாறுது.

சர்டிபிகேட் வந்த அன்னிக்கு அம்மா கண்ணாடி போட்டுக்கிட்டு ஒவ்வொரு கட்டமா வாசிச்சாங்க, தகப்பன் தொழில்னு இருக்குற எடத்துல வெரல வெச்சு அங்கயே நின்னுட்டாங்க. கடற்றொழில். நான் கம்முனு இருந்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "அப்ப எனக்கு அறுவது ஆகப்போகுதோ?"ன்னு கேட்டாங்க பாருங்க, ஒரே நாள்ல ரெண்டரை வருஷம் கூடிப்போன கவலை.

மறுநாள் நான் டூட்டிக்குப் போனதும் தம்பிகிட்ட குடுத்து லேமினேட் பண்ணிட்டு வாடான்னு அனுப்பிட்டாங்க, நல்லவேளை அவன் போன் பண்ணிக் கேட்டான். லேமினேட் பண்ணா நெறைய எடத்துல வாங்க மாட்டாங்க, யாரும் பண்ணிடாதீங்க. சமாதானத்துக்கு ரெண்டு ஜிப் கவர் வாங்கிக் குடுத்தேன். சென்னையிலேருந்து ஒரிஜினல் திரும்பி வந்ததும் அதுல போட்டு, இப்ப அரிசி டிரம்முக்குள்ள இருக்கு.