தொட்டுச் செய்த வீடும் தொடாதே என்கிற வேலையும்

காட்சிக்கூடத்தில் நிற்கிற எங்களுக்குப் பாதி வேலை, தொடாதீர்கள் என்று சொல்வதுதான். எந்தக் கண்காட்சியானாலும் அப்படித்தான். ஆனால் 2025-இல், மே முதல் அக்டோபர் வரை, லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் சிற்பி டோ ஹோ சூவின் படைப்புகள் இருந்தபோது அதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது.

சூ தென்கொரியாவின் சோல் நகரத்துக்காரர். அப்பா பெயர்பெற்ற மை ஓவியர்; சாங்தோக்குங் அரண்மனை வளாகத்தில் இருக்கும் ஒரு பழைய வீட்டை மாதிரியாக வைத்து, ஹனோக் எனப்படும் மரபு வீடு ஒன்றைக் கட்டினார். மகன் 1991-இல் படிக்க அமெரிக்கா போய், அப்புறம் நியூயார்க், பெர்லின், லண்டன் என்று ஊர் மாறிக்கொண்டே இருந்தாலும் அந்த வீட்டை மட்டும் விடவில்லை. 2013-இல் வீடு முழுவதையும் மல்பெரித் தாளால் போர்த்தி, மேலே கிராஃபைட்டால் தேய்த்து அச்செடுக்கத் தொடங்கினார். சின்ன வயதில் காசின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே, அதேதான், ஒரு முழு வீட்டுக்கும். அந்தத் தாள் வீடுதான் எங்கள் கூடத்தில் நின்றது. கிட்டே போனால் மரத்தின் ரேகை தெரியும், கை எங்கே அழுத்தியது, எங்கே லேசாகப் போனது என்பதுகூடத் தெரியும். கை படாத இடமே இல்லாத ஒரு பொருளின் முன்னால் நின்றுகொண்டு நான் எல்லோரையும் கையை எடுக்கச் சொல்கிறேன்.

பக்கத்தில் இன்னொரு வீடு, மெல்லிய வெள்ளைத் துணியில். அவர் குடியிருந்த ஊர்களின் சுவிட்ச், கதவுக் குமிழ், பிளக் பாயிண்ட் எல்லாவற்றையும் வண்ணத் துணியில் தைத்து, அசலில் இருந்த அதே உயரத்தில் பொருத்தியிருந்தார்கள். அங்கேதான் கூட்டம். சுவிட்சைக் கண்டதும் யோசிக்காமலே கையைத் தூக்குவார்கள், அதற்குள் நான் குரல் கொடுக்க வேண்டும்.

தான் அமெரிக்கா வந்ததற்கு சூ ஒரு கதையே கட்டி வைத்திருக்கிறார்: சூறாவளி ஒன்று ஹனோக்கைத் தூக்கி வந்து, அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் அவர் குடியிருந்த கட்டடத்தின் மேல் மோதிவிட்டதாம். அதை அப்படியே சிற்பமாகவும் செய்தார். 2012-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக சான் டியேகோ வளாகத்தின் ஏழு மாடிப் பொறியியல் கட்டடத்து விளிம்பில் குட்டி வீடு ஒன்றைச் சாய்வாக மாட்டியதும் அவரேதான். விசாவும் விமானமும் சொல்லாததை இந்தப் புயல் சொல்லிவிடுகிறது.

துணி வீடுகள் எனக்குக் கொஞ்சம் அதிக அழகு. செல்ஃபிக்கென்றே செய்தது மாதிரி. தென்கொரியாவின் குவாங்ஜு நகரில் தேய்த்தெடுத்த தாள்கள் அப்படியில்லை. 1980 மே மாதம் அந்த ஊரில் ராணுவம் மக்களைச் சுட்டது, அன்றைய பத்திரிகைகளில் உண்மை வரவிடவில்லை. 2012-இல் அங்கே தியேட்டர் ஊழியர் குடியிருப்பின் அறைகளை சூவும் உதவியாளர்களும் கண்ணைக் கட்டிக்கொண்டு, கை தடவிய வழியே தேய்த்தெடுத்தார்கள். சுவிட்ச் முன்னால் படம் எடுத்து முடித்தவர்களிடம் அதையும் பார்த்துவிட்டுப் போங்கள் என்பேன். அப்படிச் சொல்லச் சொல்லி எங்கள் விதிமுறையில் எதுவும் இல்லை, சொல்லக் கூடாது என்றும் இல்லை.