அஞ்செட்டி மலைக்காரனும் சுட்டீனின் சாய்ந்த வீடுகளும்

பாரிசுக்கு வந்த புதிதில் குளிரைக்கூடச் சமாளித்துவிட்டேன். இந்த ஊரின் நேர்த்திதான் பழகவே இல்லை. தெருவுக்குத் தெரு ஒரே உயரத்தில் கட்டடங்கள், ஒரே வரிசையில் பால்கனிகள். நான் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரன். தேன்கனிக்கோட்டைக்கும் அஞ்செட்டிக்கும் நடுவே மலை ஏறி இறங்கியே வளர்ந்தவன். எங்கள் பக்கம் பாறை விட்ட இடத்தில்தான் வீடு. ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் அடுத்த வீட்டு ஓடு கைக்கு எட்டும்.

வீடு தேடி அலைந்தது, விசா காகிதங்களோடு வரிசையில் நின்றது எல்லாம் இங்கே வந்த எல்லோருக்கும் தெரிந்த கதை. பாரிசின் லா ஷப்பல் பகுதி ஈழத்துக் கடைகளில் குரக்கன் மா, அதாவது கேழ்வரகு மாவு, கிடைப்பதால் களிக்கும் குறைவில்லை. ஆனால் ஊர் போல ஒரு இடம் கண்ணில் படவே இல்லை, ஒராஞ்சரி அருங்காட்சியகத்துக்குப் போகும்வரை.

மாதத்தின் முதல் ஞாயிறு அங்கே இலவசம். ஓவியர் மோனே வரைந்த அல்லிக்குளத்தைப் பார்க்கத்தான் கூட்டம் அலைமோதும். கீழ்த்தளத்துக்கு இறங்கினால் சாயிம் சுட்டீன். அவருடைய 22 ஓவியங்கள் அருங்காட்சியகத் தொகுப்பில் இருக்கின்றன. ‘வீடுகள்’ என்ற படத்தின் முன்னால் நின்றவன் நகரவே இல்லை. இழுத்து நீட்டிய சுவர்கள், ஒன்றன்மேல் ஒன்று சாயும் கூரைகள். வண்ணம் அவ்வளவு கெட்டி. களி கிண்டும்போது துடுப்பு விட்டுப்போகும் தடம்போல ஒவ்வொரு தீற்றலும் தனியாகத் தெரிகிறது.

சுட்டீனும் வந்தேறிதான். மின்ஸ்க் பக்கத்தில் ஒரு சிற்றூரில், 1893இல், பழந்துணி தைக்கும் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 1913இல் பாரிசுக்கு வந்தார். அவர் படங்களை விற்றுக்கொடுத்த ஸ்போரோவ்ஸ்கி 1919இல் அவரை ஸ்பெயின் எல்லையருகே பிரெனே மலையடிவாரத்திலுள்ள செரே என்ற ஊருக்கு அனுப்பினார். 1922 வரை அங்கே வெறிபிடித்தவர்போல் வரைந்தார். பிற்பாடு அந்தப் படங்களே பிடிக்காமல், கையில் கிடைத்ததையெல்லாம் அழித்தார். நினைத்தால் வயிறு எரிகிறது.

அவருடைய மனக்கொந்தளிப்புதான் ‘வீடுகள்’ படத்தில் செரேயை இப்படிக் கோணலாக்கியது என்று எழுதுகிறார்கள். இருக்கலாம். ஆனால் தலையில் விறகுக்கட்டோடு சரிவில் ஏறியவனுக்கு ஊர் அப்படித்தான் தெரியும். பாதை நெற்றிக்கு நேராக எழும்பி நிற்கும், வீடுகள் மேலே கவியும். சுட்டீன் எதையும் மிகைப்படுத்தவில்லை என்பதுதான் என் கட்சி.

படத்தை வாட்ஸ்அப்பில் அப்பாவுக்கு அனுப்பினேன். கருங்கல் வேலையிலேயே ஆயுசைக் கழித்தவர். உடனே கூப்பிட்டார்.

“எந்தூருடா இது? நம்ம மேட்டுத் தெருவாட்டம் இருக்குது.”

“வரைஞ்சதுப்பா. வீடெல்லாம் விழுற மாதிரி இல்ல?”

“விழாதுடா. சரிவுல கட்டுன வீடு இப்படித்தான் நிக்கும்.”

எந்தக் கலை விமர்சகரும் எனக்கு இதைச் சொன்னதில்லை. அப்பாவுக்கு விசா கிடைத்தால் அடுத்த மே மாதம் செரேக்குக் கூட்டிப்போகப் போகிறேன். பெர்பிஞான் வரை ரயில், அப்புறம் பஸ். செர்ரிப் பழத்துக்குப் பேர்போன ஊர் அது. அப்போது பருவமும் இருக்கும்.