தேதியை ஓட்டப் பார்த்த ப்ராசஸர்

எங்களிடம் டாஸ் காலத்து கண்காணிப்பு ப்ரோகிராம் ஒன்று இருந்தது. எழுதியவர்கள் எப்போதோ போய்விட்டார்கள், சோர்ஸ் கோடும் இல்லை. அது ஓடிக்கொண்டிருந்த பெட்டி சாகக் கிடந்ததால், ஹார்ட் டிஸ்கை அப்படியே இமேஜ் எடுத்து, மென்பொருளாலேயே ஒரு கம்ப்யூட்டரை உருவாக்கித் தரும் க்யூஈமுவில் ஒரு விஎம்மாக, அதாவது மெய்நிகர் கம்ப்யூட்டராக, ஏற்றினோம். நன்றாகவே ஓடியது, ஒரு தொல்லையைத் தவிர. ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் "இந்த பயாஸ் 2000-க்கு முந்தையது, தேதிகள் தவறலாம், ஏதாவது ஒரு கீயை அழுத்தவும்" என்ற பொருளில் ஒரு வரியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்ளும். ராத்திரி இரண்டு மணிக்கு ஹோஸ்ட், அதாவது விஎம்மைத் தாங்கும் நிஜ கம்ப்யூட்டர், ரீபூட் ஆனால் கீயை அழுத்த யார் இருக்கிறார்கள்?

பயாஸ் என்பது கம்ப்யூட்டர் கிளம்பியதும் முதலில் ஓடும் ப்ரோகிராம். அது இருக்கும் நினைவகம்தான் ரோம்; விஎம்முக்கு அது வெறும் ஒரு ஃபைல். அந்த ரோமின் கடைசிப் பதினாறு பைட்டுகளில் ஒரு தேதி இருக்கும். 1981-இல் வந்த முதல் ஐபிஎம் பிசியில் 04/24/81 என்று எழுதியிருந்தார்கள். அந்த வழக்கம் அப்படியே நிலைத்துவிட்டது. க்யூஈமு வழக்கமாகப் பயன்படுத்தும் சீபயாஸ் என்ற பயாஸும் மரபை மதித்து அங்கே ஒரு தேதி வைத்திருக்கிறது: 06/23/99. எந்த ஆண்டு வந்த வெளியீடாக இருந்தாலும் அதே தேதிதான். எங்கள் கிழட்டு ப்ரோகிராம் அந்த 99-ஐப் பார்த்துத்தான் பயந்துகொண்டிருந்தது. எஸ்எம்பயாஸ் தேதியை மாற்ற க்யூஈமுவில் ஒரு ஆப்ஷன் உண்டு. ஆனால் அது போய்ச் சேருவது கம்ப்யூட்டரின் விவரங்களுக்கான வேறொரு அட்டவணைக்கு. நம்மாள் நேராக ரோம் முகவரியிலேயே போய்ப் படிக்கிறவர். ஆகவே ரோம் ஃபைலில்தான் கைவைக்க வேண்டும்.

முதல் விஎம்முக்கு ரோம் ஃபைலை, பைட் பைட்டாகத் திருத்த உதவும் ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து 99-ஐ 05 ஆக்கி, வேறு பெயரில் சேமித்து, அந்த விஎம்முக்கு மட்டும் கொடுத்தேன். வேலை முடிந்தது. ஆனால் இதே மாதிரி பன்னிரண்டு விஎம்கள் வரவிருந்தன. மூன்று ஹோஸ்டுகளில் மூன்று விதமான ரோம் ஃபைல்கள். பேக்கேஜ் அப்டேட் வரும்போதெல்லாம் புது ரோம் வரும், திரும்பவும் எடிட்டரைத் திறக்க வேண்டும். சரி, ஒரு சின்ன யுடிலிட்டி எழுதிவிடலாம் என்று ஒரு மாலை உட்கார்ந்தேன். ஃபைலைப் படி, தேதியைத் தேடு, மாற்று, எழுது. பைத்தானில் அரை மணி நேர வேலை. கடைசியில் பச்சை நிறத்தில் "வெற்றி" என்று போடும். அந்தப் பச்சையில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

அது தந்த ஃபைலைப் போட்டால் விஎம் கறுப்புத் திரையோடு நின்றது. ஒரு சிபியு 100 சதவீதத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

அடுத்த இரண்டு நாட்கள் நான் சந்தேகப்படாத ஆளில்லை. விஎம்களை ஓட்ட லினக்ஸ் தரும் கேவிஎம்மைச் சந்தேகப்பட்டேன். அந்த வாரம்தான் ஒரு ஹோஸ்டில் க்யூஈமுவை அப்டேட் செய்திருந்தோம், அதைச் சந்தேகப்பட்டேன். விஎம் எந்த வகைக் கம்ப்யூட்டராக நடிக்கிறது என்ற மெஷின் டைப்பை மாற்றி மாற்றிப் பார்த்தேன். சீபயாஸ் தன் டீபக் செய்திகளை, அதாவது பிழை தேட உதவும் செய்திகளை, ஹெக்ஸில் (பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில்) 402 என்ற போர்ட்டுக்கு அனுப்பும். அதைப் பிடிக்க ஒரு டீபக் கன்சோலை இணைத்தேன். நல்ல ரோமில் முதல் வரியே பதிப்பு எண்ணோடு வரும். இதில் ஒரு எழுத்துகூட வரவில்லை. அப்போதே புரிந்திருக்க வேண்டும், பயாஸ் ஓடத் தொடங்கவே இல்லை என்று. நானோ டீபக் கன்சோலைச் சரியாக இணைக்கவில்லை என்று முடிவுகட்டி அதை அரை நாள் குடைந்தேன்.

யுடிலிட்டியை மட்டும் சந்தேகப்படவில்லை. ஃபைல் அளவு 262144 பைட், அச்சாக 256 கேபி. தேதியும் மாறியிருக்கிறது. "வெற்றி" என்று வேறு சொல்கிறது.

டீமில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணா, தேதியை மாத்தாம, 99-க்குப் பதிலா 99-ஐயே போட்டு ஓட்டினா, வர்ற ஃபைலும் பழைய ஃபைலும் ஒண்ணா இருக்கணும்ல?" என்றாள். இருக்க வேண்டும்தான். ஓட்டினேன். இல்லை. ஒன்றாக இல்லவே இல்லை.

இரண்டு ஃபைல்களின் கடைசி வரியையும் ஹெக்ஸில் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தோம். அந்தக் காட்சியை நான் மறக்கமாட்டேன். ப்ராசஸர் உயிர் பெற்றதும் முதலில் பார்க்கும் இடம் ரோமின் முடிவிலிருந்து பதினாறாவது பைட். 1978-இன் 8086 காலத்திலிருந்தே அப்படித்தான். அங்கே ஐந்து பைட் நீளத்துக்கு "அந்த இடத்துக்குத் தாவு" என்று ஒரு கட்டளை இருக்கும். அதை ஒட்டித்தான் தேதி. எங்கள் ஃபைலில் தாவும் கட்டளை ஐந்து பைட் முன்னால் போயிருந்தது. அது இருக்க வேண்டிய இடத்தில் தேதி வந்து உட்கார்ந்திருந்தது. கடைசியில் ஐந்து பைட் வெறும் நிரப்பல்.

அதாவது ப்ராசஸர் எங்கள் தேதியைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு ஓட்டியிருக்கிறது. '0' என்ற எழுத்தின் பைட் அதற்கு, பிட்டுகளை ஒப்பிடும் ஒரு எக்ஸ்ஓஆர் கட்டளை, '3' இன்னொரு எக்ஸ்ஓஆர். 06/23/05 என்பதை அது மூன்று எக்ஸ்ஓஆராகப் படித்து, பின்னாலிருந்த பைட்டுகளில் இரண்டு கூட்டல் கணக்கும் போட்டு, அதற்கப்புறம் நான் வைத்த நிரப்பலில் போய் முட்டிக்கொண்டது. நிரப்பல் முழுக்க 255. இரண்டு 255 சேர்ந்தால் அது செல்லாத கட்டளை. பாவம், கொடுத்ததை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது.

ஐந்து பைட் எங்கே காணாமல் போயின? இங்கேதான் நான் செய்த காரியத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்கிரிப்ட் எழுதிய மாலை, முதலில் ஃபைலைப் பழக்க தோஷத்தில் டெக்ஸ்டாகத் திறந்தேன். பைத்தான் உடனே கத்தியது: இது யூடிஎஃப்-8 இல்லை, என்னால் படிக்க முடியாது. நான் பைட்டுகளை எழுத்துகளாகப் படிக்கும் முறையை, அதாவது என்கோடிங்கை, லத்தீன்-1 என்று மாற்றினேன். லத்தீன்-1-க்கு 256 பைட்டுமே எழுத்துதான், எதையும் மறுக்காது. சத்தம் நின்றது. ஆனால் டெக்ஸ்டாகத் திறந்தால் பைத்தான் வரி முடிவுகளையும் "ஒழுங்குபடுத்தும்". 13, 10 என்று அடுத்தடுத்து இரண்டு பைட் வந்தால் அதை ஒரு 10 ஆக்கிவிடும். எந்த ஒழுங்கும் இல்லாத 256 கேபி தரவில் அந்த ஜோடி சராசரியாக நான்கு முறை வரும். எங்களுக்கு ஐந்து முறை வந்திருக்கிறது.

ஃபைல் 262139 பைட்டாகச் சுருங்கியது. அதை க்யூஈமுவிடம் கொடுத்தபோது அதுவும் கத்தியது. பயாஸ் ஃபைல் 64 கேபியின் மடங்காக இல்லாவிட்டால் அது ஏற்றவே ஏற்றாது. அந்த மாலை எனக்கு அதுவும் ஒரு இடைஞ்சலாகத்தான் தெரிந்தது. அளவு குறைந்தால் கடைசியில் நிரப்பு என்று மூன்று வரி சேர்த்தேன். இரண்டு காவலாளிகள் ஒருவர்பின் ஒருவராகத் தடுத்திருக்கிறார்கள். இரண்டு பேரையும் வாயைப் பொத்தி ஓரமாக உட்காரவைத்துவிட்டு, பச்சை எழுத்தில் வெற்றி போட்டிருக்கிறேன்.

இவ்வளவு தெரிந்த பிறகும் எனக்குப் புத்தி வரவில்லை என்பதுதான் கூத்து. நிரப்பலைக் கடைசியில் வைக்காமல் முன்னால் வைத்தால் தாவும் கட்டளை தன் இடத்துக்கு வந்துவிடுமே என்று அதைச் செய்தேன். வந்துவிட்டது. டீபக் கன்சோலில் சீபயாஸின் முதல் வரியும் வந்தது. நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தேன். அதோடு மறுபடியும் அமைதி.

இந்த முறை அவளே, இரண்டு ஃபைல்களை ஒப்பிடும் சிஎம்பி கமாண்டை ஓட்டி, மாறியிருந்த பைட்டுகளைப் பட்டியல் எடுத்தாள். முன்பகுதி முழுக்கக் குப்பை, ஒவ்வொரு ஜோடி தொலைந்த இடத்திலும் ஒரு பைட் நகர்ந்திருக்கிறது. ஆனால் கடைசி ஜோடிக்கு அப்புறம் பட்டியல் சுத்தமாக ஒரே மாதிரி இறங்கியது: 15 12, 15 12, 15 12. நான் அதை ஹெக்ஸ் என்று நினைத்துக் குழம்பினேன். "இது ஆக்டல் அண்ணா, எட்டை அடியா வச்ச எண், சிஎம்பி அப்படித்தான் காட்டும்" என்றாள். ஆக்டல் 15 என்றால் 13. ஆக்டல் 12 என்றால் 10. தனியாக நின்ற 13-களையும் பைத்தான் 10 ஆக்கியிருந்தது. அளவு மாறாது, ஆகவே நான் எண்ணிப் பார்த்த எதிலும் அது தெரியாது. நூற்றுக்கணக்கான இடங்கள். ரோமின் குடலையே உருவிப் போட்டுவிட்டு முகத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

திருத்தம் ஒரே எழுத்து. ஃபைலைத் திறக்கும் இடத்திலும் எழுதும் இடத்திலும் பைனரி என்று சொல்லும் அந்த 'பி'. நிரப்பும் மூன்று வரிகளை அழித்தேன். லத்தீன்-1 போயிற்று. பிறகு அவள் கேட்ட சோதனையை யுடிலிட்டிக்கு உள்ளேயே வைத்தேன்: எழுதிய ஃபைலைத் திரும்பப் படித்து, மூல ஃபைலோடு பைட் பைட்டாக ஒப்பிட்டு, எத்தனை மாறியிருக்கிறது என்று எண்ண வேண்டும். 99 என்பது 05 ஆனால் மாற வேண்டியது 2 பைட். 3 என்று வந்தாலும் ஃபைலை அழித்துவிட்டு நின்றுவிடும். "வெற்றி" என்ற சொல்லை எடுத்துவிட்டேன். இப்போது "2 பைட் மாறியது" என்று மட்டும் போடுகிறது, நிறம் எதுவும் இல்லாமல்.

விஎம் கிளம்பியது. ப்ரோகிராம் கீ கேட்காமல் நேராக வேலையைத் தொடங்கியது.

மறுநாள் ஷிஃப்டில் இருந்தவர் அழைத்தார். "சார், மத்த விஎம்லயும் புது ரோமைப் போட்டுட்டேன், ரெண்டு தடவை ரீபூட் பண்ணிட்டேன், இன்னும் கீ கேக்குது." விஎம்முக்குள் ரீபூட் செய்தால் க்யூஈமு ப்ராசஸ் அப்படியே இருக்கும், ஆரம்பத்தில் ஏற்றிவைத்த பழைய ரோமைத்தான் திரும்பக் கொடுக்கும். லைவ் மைக்ரேஷனில், அதாவது ஓடிக்கொண்டிருக்கும்போதே, வேறு ஹோஸ்டுக்கு நகர்த்தினாலும் அந்தப் பழைய ரோம் கூடவே வரும். இதை யுடிலிட்டியும் சொல்லவில்லை, அவரிடம் நானும் சொல்லவில்லை.

"ரீபூட் வேணாம், முழுசா அணைச்சுட்டுத் திரும்பப் போடுங்க" என்றேன். போனைப் பிடித்தபடியே, 2 பைட் மாறியது என்ற வரிக்குக் கீழே அதையும் ஒரு வரியாகச் சேர்த்தேன்.