இசட் 0500: நான் போட்ட முதல் கையெழுத்து

"நீங்கள் ஆர்.என். தானே, கடைசியில் ஒரு கையெழுத்து மட்டும் போட்டால் போதும்." நோயாளிகளை நேரடியாகப் பார்க்கும் ஃப்ளோர் நர்ஸ் வேலையிலிருந்து, எம்டிஎஸ் என்ற மதிப்பீட்டுப் படிவ வேலைக்கு மாறியபோது என்னிடம் இப்படித்தான் சொன்னார்கள். ஆர்.என். என்றால் ரிஜிஸ்டர்ட் நர்ஸ், பதிவுபெற்ற செவிலியர். இடம், அமெரிக்காவில் ஒரு நர்சிங் ஹோம். நம்மூரில் அந்தப் பெயருக்குச் சின்ன தனியார் ஆஸ்பத்திரி என்று பொருள். இங்கே அது முதியவர்களும் உடம்புக்கு முடியாதவர்களும் வாரக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில் தங்கும் இல்லம். தங்கியிருப்பவரை ரெசிடென்ட் என்பார்கள்.

மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு), மெடிகெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கானது) அங்கீகாரம் உள்ள எல்லா இல்லங்களும் ஒவ்வொரு ரெசிடென்ட்டுக்கும் எம்டிஎஸ் மதிப்பீட்டை நிரப்பி அனுப்ப வேண்டும். 1987-இல் வந்த நர்சிங் ஹோம் சீர்திருத்தச் சட்டம்தான் இதற்கு அடிப்படை. இப்போதுள்ள 3.0 வடிவம் 2010 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ஞாபகசக்தி, மனநிலை, நடமாட்டம், விழுந்தது, சாப்பாடு, தோல், மருந்து என்று எல்லாம் அதில் உண்டு. பணம் எவ்வளவு வரும் என்பதும் இதைப் பொறுத்ததுதான். ஆனால் அந்த மனிதரை எப்படிப் பார்த்துக்கொள்ளப் போகிறோம் என்பதும் இதிலிருந்துதான் கிளம்புகிறது. அதனால்தான் இந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது.

எங்கள் இல்லத்தில் படிவத்தைத் தயாரித்து வந்தவர் ஒரு எல்.பி.என்., அதாவது ஆர்.என்.னுக்கு அடுத்த நிலையில் உரிமம் பெற்ற நர்ஸ். அனுபவசாலி. அவர் நிரப்பலாம், ஆனால் மதிப்பீடு முடிந்தது என்று சான்று சொல்ல ஆர்.என். ஒருவரால்தான் முடியும். அந்தச் சான்றுக் கையெழுத்துக்குப் படிவத்தில் உள்ள இடம்தான் இசட் 0500. அதற்கு முன்னால் இருக்கும் இசட் 0400-இல் ஒவ்வொரு பகுதியையும் நிரப்பியவர் தன் பெயர், பதவி, எந்தப் பகுதி, எந்தத் தேதியில் முடித்தார் என்று கையெழுத்திடுவார். தன் பகுதி சரியானது என்பதற்கு அவரே பொறுப்பு. என் கையெழுத்து, எல்லாம் முடிந்துவிட்டது என்பதற்கு மட்டும். மற்றவர்கள் எழுதியதன் துல்லியத்துக்கு நான் சான்று தரவில்லை. இந்த வித்தியாசத்தை எம்டிஎஸ் கையேட்டில் படித்தபோது முதலில் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி ஒரு நாள்கூட நிற்கவில்லை.

முதலில் வந்தது ஒரு அட்மிஷன் மதிப்பீடு. இடுப்பெலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியிலிருந்து எங்களிடம் வந்த ஒரு பாட்டி. சேர்ந்த நாளையும் எண்ணி 14 நாட்களுக்குள் முடிக்க வேண்டும். ஏஆர்டி, அதாவது கணக்கு எடுக்கும் கடைசி நாள், எட்டாம் நாளாக வைக்கப்பட்டிருந்தது. பெரும்பாலான கேள்விகளுக்கு அந்த நாளோடு சேர்த்துப் பின்னோக்கி 7 நாட்களைத்தான் பார்க்க வேண்டும். 13-ஆம் நாள் காலையில் எல்லாப் பகுதியிலும் கையெழுத்து விழுந்து, என் பெயருக்கு மட்டும் இடம் காத்திருந்தது.

அப்படியே போட மனம் வரவில்லை. நர்ஸ் குறிப்புகளைப் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பகுதியாகப் படித்தேன். தோல் பகுதியில் படுக்கைப்புண் இல்லை என்று இருந்தது. ஆனால் சேர்ந்த அன்று இரவு எழுதிய குறிப்பில், வால் எலும்புக்கு மேலே இரண்டாம் நிலைப் புண் என்று இருந்தது. நான்காம் நாள் கட்டு மாற்றிய குறிப்பும் இருந்தது. புண்களைக் கவனிக்கும் வூண்ட் நர்ஸ் விடுப்பில் இருந்ததால், வேறொருவர் வாராந்திரத் தோல் தாளை மட்டும் பார்த்து நிரப்பியிருக்கிறார். அந்தத் தாள் காலியாக இருந்திருக்கிறது. அவரையும் அழைத்துக்கொண்டு அந்தப் பாட்டியிடம் போனேன். கேட்டு, மெதுவாகத் திருப்பிப் பார்த்தோம். ஆறிக்கொண்டு வந்தது, ஆனால் இருந்தது. "உட்கார்ந்தால் எரிகிறது என்று சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்" என்றார் அவர். பகுதியை நிரப்பியவரே திருத்தி, திருத்திய தேதியுடன் மறுபடி கையெழுத்திட்டார். சேரும்போதே இருந்த புண் என்பதும் பதிவானது. நான் திருத்தவில்லை, திருத்தவும் கூடாது.

இரண்டாவது சிக்கல் அதைவிடக் கடினம். பிம்ஸ் என்ற ஞாபகசக்தி நேர்காணல். சாக்ஸ், நீலம், கட்டில் என்று மூன்று சொற்களைச் சொல்லி, திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். வருடம், மாதம், கிழமை கேட்பார்கள். கொஞ்ச நேரம் கழித்து அந்தச் சொற்கள் நினைவிருக்கிறதா என்று பார்ப்பார்கள். மொத்தம் 15 மதிப்பெண். எட்டாம் நாள் பாட்டி எலும்பு டாக்டரைப் பார்க்கப் போய்விட்டதால், சோஷியல் வொர்க்கர் ஒன்பதாம் நாள்தான் பேசியிருக்கிறார். அது கணக்கில் வரும் நாட்களுக்கு வெளியே. மெடிகேரின் முதல் மதிப்பீட்டோடு சேர்த்து எடுத்ததால் ஏஆர்டியை எட்டாம் நாளுக்கு அப்பால் நகர்த்தவும் வழியில்லை.

"ஒரு நாள்தானே, தேதியை எட்டு என்று போட்டுவிடலாமே" என்றார் மேலதிகாரி. அவர் கெட்டவர் இல்லை. பதில் இல்லாமல் கோடு போட்ட இடங்கள் அளவுக்கு மீறினால், மெடிகேர் தரும் ஆண்டு உயர்வில் 2 சதவீதப் புள்ளிகள் வெட்டப்படும். அந்தக் கவலை நியாயமானது. ஆனால் தெரிந்தே பொய்யான மதிப்பீட்டுக்குச் சான்று தந்தால், மதிப்பீடு ஒன்றுக்கு 1,000 டாலர் வரை அபராதம். இன்னொருவரை அப்படிச் சான்று தர வைத்தால் 5,000 டாலர் வரை. சட்டத்தில் உள்ள இந்த அடிப்படைத் தொகைகள் பணவீக்கத்துக்கு ஏற்ப உயர்ந்தும் இருக்கின்றன. மருத்துவக் கருத்து வேறுபாடு பொய்யாகாது என்று அதே விதி சொல்கிறது. தேதியை மாற்றுவது கருத்து வேறுபாடு இல்லையே. அதைவிட, அந்தப் பாட்டியைப் பற்றிய தாளில் நடக்காத ஒன்றை நடந்ததாகச் சொல்ல எனக்கு முடியவில்லை.

கையேட்டைத் திறந்து அந்தப் பக்கத்தை அவரிடம் காட்டினேன். பேசக்கூடிய ஒருவரிடம் உரிய நாட்களுக்குள் நேர்காணல் எடுக்காமல் விட்டால், அந்தக் கேள்விகளுக்குக் கோடுதான். ஊழியர்கள் தாங்கள் கவனித்ததை வைத்து நிரப்பும் மதிப்பீட்டை அதற்குப் பதிலாக நிரப்பவும் கூடாது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "சரி, கோடு போடுங்கள்" என்றார். ஒன்பதாம் நாள் கிடைத்த பதில்கள் வீணாகவில்லை. சோஷியல் வொர்க்கர் அவற்றை உண்மையான தேதியோடு குறிப்பில் எழுதினார், பராமரிப்புத் திட்டமான கேர் பிளான் பேசும்போது பயன்பட்டன.

மாலையில் கையெழுத்திட்டேன், அன்றைய தேதியிலேயே. எந்தெந்தப் பிரச்சினைகளுக்குத் திட்டம் வேண்டும் என்று பார்க்கும் கேர் ஏரியா பகுதியை 14-ஆம் நாள் முடித்தோம். அடுத்த ஏழு நாட்களுக்குள் கேர் பிளான். மதிப்பீடுகளைப் பெறும் அரசின் கணினி அமைப்பான ஐகியூஐஈஎஸ்ஸுக்கு அனுப்பியதும் ஏற்கப்பட்டது என்று அறிக்கை வந்தது.

அந்தப் பாட்டியின் கேர் பிளானில், உட்காரும் நாற்காலிக்கு அழுத்தம் குறைக்கும் மெத்தை என்று ஒரு வரி சேர்ந்திருந்தது. இப்போது ஒவ்வொரு ரெசிடென்ட்டுக்கும் ஏஆர்டி வைத்த அன்றே, அதற்கு இரண்டு நாள் முன்னதாக நேர்காணல் என்று சோஷியல் வொர்க்கரின் காலண்டரில் நாங்கள் இருவரும் சேர்ந்து குறித்துவிடுகிறோம்.